கைக்குழந்தையோடு கப்பல் பயணம்: பால்கனி அறையா, இரண்டு உள்ளறைகளா?

கொழிஞ்சாம்பாறை அப்பா

அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரலில் நான்கைந்து இரவுகள் கப்பலில் போய்வரலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, நான்கு வயது மகள், அப்போது ஒன்றேகால் வயது ஆகியிருக்கும் மகன், முழங்கால் வலியுள்ள என் அம்மா. கொச்சியில் ஏறுவதா, கோவையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே ஏறுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. பாலக்காட்டு ஏஜென்ட் இரண்டுக்கும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்: "பால்கனி எடுங்கள் சார், ஜன்னலே இல்லாத உள்ளறையில் மூச்சு முட்டும்."

அவர் மூன்று வழிகள் சொல்கிறார். ஒன்று, நாங்கள் நால்வரும் பால்கனி அறையில், அம்மா எதிரே ஓர் உள்ளறையில். இரண்டு, நடுவில் இணைப்புக் கதவுள்ள இரண்டு உள்ளறைகள். மூன்று, கடல் தெரியும் ஜன்னலுள்ள குடும்ப அறையில் ஐந்து பேரும் ஒன்றாக. முதல் வழிக்கும் இரண்டாவதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு நல்ல வாஷிங் மெஷின் வாங்கிவிடலாம்.

மகன் மதியம் தூங்குகிறவன். சிறு சத்தத்துக்கும் விழித்துவிடுவான், விழித்தால் அன்று மாலை வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. மகள் ஏறாத இடம் கிடையாது. பிள்ளைகளோடு போய்வந்தவர்கள் சொல்லுங்கள். விளம்பரப் படங்களைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

நகரி அத்தை

பால்கனி எடுங்கள். காரணம் கடல் அழகு இல்லை; அது இரண்டாம் நாளே பழகிவிடும். சிறு பிள்ளை இரவு எட்டு மணிக்குத் தூங்கிவிடும். அதன் பிறகு நீங்கள் இருவரும் எங்கே போவீர்கள்? உள்ளறையில் என்றால் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கிசுகிசுவென்று பேசிக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். பால்கனி இருந்தால் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்காரலாம், கண்ணாடி வழியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம். நாங்கள் சென்னையில் ஏறினோம். என் மருமகள் மாலை முழுவதும் அந்த இரண்டு நாற்காலிகளில்தான் இருந்தாள். கப்பலுக்குள் என்ன நிகழ்ச்சி நடந்தது என்று அவளைக் கேட்டால் தெரியாது, ஆனால் ஓய்வெடுத்துவிட்டு வந்தாள்.

ஆரியங்காவு அண்ணாச்சி

அறையில் தூங்கத்தானே போகிறோம்? மலிவானதை எடுங்கள். மிச்சப் பணத்தில் இன்னொரு முறை போகலாம்.

தூத்தூர் ஸ்டூவர்ட்

தம்பி, நான் பயணக் கப்பல்களில் அறைப் பணியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பால்கனியா உள்ளறையா என்று இங்கே மூன்று பேர் பேசிவிட்டார்கள். அறை கப்பலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளையின் தூக்கத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

கம்பெனியின் தளப் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கிற அறைக்கு மேல் தளத்தில் என்ன, கீழ்த் தளத்தில் என்ன என்று இரண்டையும் பாருங்கள். மேலேயும் அறைகள், கீழேயும் அறைகள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே என்றால் விடிவதற்கு முன்பே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்கும். நாங்கள் தரையைக் கழுவுவதும் அந்த நேரத்தில்தான். பஃபேக்குக் கீழே என்றால் தட்டு வண்டிகள் நாள் முழுதும் உருளும். அரங்கத்துக்கும் நடன அரங்குக்கும் பக்கத்தில் என்றால் நள்ளிரவு வரை தாளம் சுவர் வழியாக வரும். படத்தில் பெயரே போடாமல் வெள்ளையாக விட்டிருக்கும் இடங்களை நம்பாதீர்கள். அவை பெரும்பாலும் சமையல் கிடங்கு, துணி வைக்கும் அறை, பணியாளர் படிக்கட்டு. கதவு சாத்தும் சத்தம் ஓயாது.

முன்பகுதியில் கீழ்த் தளத்து அறை மலிவாகக் கிடைக்கும். அதிகாலையில் துறைமுகத்துக்குள் நுழையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகள் ஓடும், சுவர் அதிரும். நங்கூரம் போடும் ஊராக இருந்தால் சங்கிலி இறங்குகிற ஓசையும் சேர்ந்துகொள்ளும். பின்கோடியில் கீழே என்றால் சுழலியின் அதிர்வு.

அடுத்து ஆட்டம். சீசாப் பலகையின் நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஏற்ற இறக்கம் தெரியாது, கப்பலும் அப்படித்தான். நடுப்பகுதி, கீழ் அல்லது இடைத் தளம். பெரிய கப்பல்களில் இருபுறமும் நீருக்குள் நீட்டும் துடுப்புகள் உண்டு. அவை பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும், முன்னும் பின்னும் எழுந்து தாழ்வதைக் குறைக்காது. ஆகையால் துடுப்பு இருக்கிறதே என்று கப்பலின் முன்கோடியில் போய் அறை எடுக்க வேண்டாம்.

'கேரண்டி' என்று மலிவாக ஒரு விலை சொல்வார்கள். அதில் அறையின் வகை மட்டும் உறுதி, எண்ணைக் கம்பெனி பின்னால் தன் இஷ்டத்துக்குத் தரும். நண்பர்களாகப் போகிறவர்களுக்கு அது சரி. உங்களுக்கு வேண்டாம், இரண்டு அறை எடுத்தால் ஒன்று ஒரு தளத்திலும் மற்றொன்று வேறு தளத்திலும் வந்து விழலாம். அறை எண் தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

களியக்காவிளை டீச்சர்

ஸ்டூவர்ட் அண்ணன் சொன்னதை அச்சடித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் பால்கனி விஷயத்தை அப்படியே விட்டுவிட முடியாது. "ஏறாத இடம் கிடையாது" என்று அந்தத் தம்பியே எழுதியிருக்கிறார்.

அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும் கப்பல்களுக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி கைப்பிடிச் சுவர் 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதாவது மூன்றரை அடி. நான்கு வயதுக் குழந்தை ஏறத்தாழ மூன்றேகால் அடி உயரம் இருக்கும். தரையில் நின்றால் பயமில்லை. பால்கனியில் நாற்காலியும் குட்டி மேசையும் போட்டு வைத்திருக்கிறார்களே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏற நான்கு வயதுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? வகுப்பறையில் தினமும் பார்க்கிறேன்.

நாங்கள் உள்ளறையில்தான் போனோம், ஒருவருக்கும் மூச்சு முட்டவில்லை. வெளிச்சமே வராததால் பிள்ளைகள் காலையில் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் எழுந்தார்கள். மதியத் தூக்கத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. இருட்டுக்குப் பயப்படுகிற பிள்ளை என்றால் பேட்டரியில் எரியும் சிறு விளக்கு ஒன்று எடுத்துப் போங்கள். சில கப்பல்களில் முன்பக்கக் கேமராக் காட்சிக்கென்று ஒரு டிவி சேனல் இருக்கும். சத்தத்தைக் குறைத்து அதை ஓட விட்டால் விடிந்ததா இல்லையா என்று படுத்தபடியே பார்த்துக்கொள்ளலாம்.

நகரி அத்தை

டீச்சர், வீட்டு மொட்டை மாடிக்கும் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. அதற்காக வீடே வேண்டாம் என்பீர்களா? பால்கனிக் கதவு கனமானது, என் கைக்கே முழுப் பலம் வேண்டியிருந்தது. பல கப்பல்களில் பெரியவர்களுக்கு எட்டும் உயரத்தில் மேலேயும் ஒரு தாழ் உண்டு. நாற்காலிகள் வேண்டாம் என்று சொன்னால் அறைப் பணியாளர் எடுத்துப் போய்விடுவார். பிள்ளைகள் தூங்கிய பிறகு நாமே உள்ளிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

களியக்காவிளை டீச்சர்

அம்மா குளியலறையில் இருக்கும் அந்தப் பத்து நிமிடம்?

நகரி அத்தை

பாட்டி எதற்கு வருகிறார்?

களியக்காவிளை டீச்சர்

பாட்டி எதிர் அறையில் அல்லவா இருக்கிறார்! முழங்கால் வலியோடு விடுமுறைக்கு வருகிற பெண்மணியைக் காவலுக்கு நிறுத்துவது என்ன நியாயம்?

சித்தூர் எலக்ட்ரீஷியன்

(பாலக்காட்டுச் சித்தூர் இல்லை, ஆந்திரச் சித்தூர். இந்தத் தளத்தில் எனக்கு வரும் தனிச்செய்திகளில் பாதி அந்தச் சித்தூர் பக்கத்து வண்டித்தாவளத்துக்குப் போக வேண்டியவை.)

மூன்றாவது வழியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஐந்து பேர், ஒரே குளியலறை. கப்பல் குளியலறை எவ்வளவு சிறியது என்று ஏஜென்டுகள் காட்டுவதில்லை. பெரும்பாலான சாதாரண அறைகளில் தொட்டி கிடையாது. ஷவர் மட்டும்தான், திரைச்சீலை உடம்பில் ஒட்டும். கரைக்குப் போகும் நாளில் காலை எட்டு மணிக்குள் ஐந்து பேர் குளித்து உடுத்த வேண்டும். பாட்டிக்கு அவசரம், பிள்ளைக்கு அவசரம். குடும்ப அறை என்ற பெயருக்கு மயங்கிவிடாதீர்கள். இரண்டு அறை எடுங்கள், எந்த வகையாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது குளியலறைக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண அறை 150 முதல் 180 சதுர அடி இருக்கும். அதில் ஒரு பெரிய கட்டில், பிரித்தால் படுக்கையாகும் சோபா, சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மேல்படுக்கை. இவற்றோடு தொட்டில் கட்டிலும் போட்டால் தரை தெரியாது. பெட்டிகளைக் காலி செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கிகள் பத்து வாங்கிப் போனால் துண்டு, பை, தொப்பி எல்லாம் சுவரில் ஏறிவிடும்.

செங்கோட்டை நர்ஸ்

ஆட்டத்தால் வரும் குமட்டல் பற்றி ஒன்று. இரண்டு வயதுக்குக் கீழே அது அரிது. பள்ளிக்குப் போகும் வயதில்தான் அதிகம். ஆகவே உங்கள் மகனைவிட மகளுக்கு வரத்தான் வாய்ப்பு. மருந்தைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் எடை சொல்லி எழுதி வாங்குங்கள். குமட்டுகிறவர்களுக்குத் தொடுவானம் பார்ப்பது நல்லது. உள்ளறையில் அது முடியாது என்பது உண்மைதான், ஆனால் எழுந்து மேல் தளத்துக்குப் போய்விடலாமே.

மேல்படுக்கையில் சின்னப் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள். ஏணி செங்குத்தாக இருக்கும். ஆறு வயதுக்கு மேல் என்றால் யோசிக்கலாம். குளியலறை வாசலில் உயர்ந்த படி இருக்கும். பிள்ளையும் தடுக்கும், பாட்டியும் தடுக்கும். அறைக் கதவு தானாக வேகமாகச் சாத்திக்கொள்ளும், சின்ன விரல்களைக் கவனியுங்கள். ஏசியைப் பல அறைகளில் முழுதாக நிறுத்த முடியாது. கோடைக்காலம் என்றாலும் காதை மூடும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அப்பா

எல்லாருக்கும் நன்றி. சித்தூர் நண்பர் சொன்னதைப் படித்ததும் என் மனைவி மூன்றாவது வழியை அடித்துவிட்டார்.

இரண்டு கேள்விகள். ஒவ்வோர் அறையிலும் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்கிறார்களே, அப்படியானால் அம்மாவையும் மகளையும் ஓர் அறையில் எழுதலாமா? மற்றது, நேற்று ஏஜென்ட் "நால்வர் தங்கும் அறை தீர்ந்துவிட்டது, மூவருக்குத்தான் இருக்கிறது" என்றார். கம்பெனி இணையதளத்தில் பார்த்தால் நான்கு படுக்கையுள்ள அறைகள் காலியாகத்தான் காட்டுகிறது. இது விலையை ஏற்றும் தந்திரமா?

தூத்தூர் ஸ்டூவர்ட்

தந்திரம் இல்லை தம்பி. ஒவ்வொரு பகுதி அறைகளுக்கும் இன்ன உயிர்ப்படகு, இன்ன கூடும் இடம் என்று ஒதுக்கியிருக்கும். அந்தப் படகின் கணக்கு நிறைந்துவிட்டால், அறையில் நான்காவது படுக்கை காலியாக இருந்தாலும் விற்க முடியாது. பள்ளி விடுமுறைக் காலத்தில் குடும்பங்கள் நிறைய ஏறுவதால் இது சீக்கிரம் நடக்கும். கப்பலின் வேறு பகுதியில் கேட்டுப் பாருங்கள், கிடைக்கலாம். ஏப்ரலுக்கு இப்போதே எழுதுவதும் இதற்காகத்தான்.

அம்மாவையும் பேத்தியையும் ஓர் அறையில் எழுதலாம். அல்லது காகிதத்தில் நீங்கள் ஒன்றில், உங்கள் வீட்டம்மா மற்றொன்றில் என்று எழுதிவிட்டு, ஏறிய பிறகு வசதிப்படி படுத்துக்கொள்ளலாம். வரவேற்பு மேசையில் கேட்டால் இரண்டு அறைக்கும் கூடுதல் சாவி அட்டை தருவார்கள். ஆனால் யார் எங்கே தூங்குகிறார்கள் என்று உங்கள் அறைப் பணியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவசர நேரத்தில் அறை அறையாகப் பார்ப்பவர் அவர்தான்.

இணைப்புக் கதவு கேட்டால் "அருகருகே" என்று தருவார்கள். இரண்டும் வேறு. அருகருகே என்றால் நள்ளிரவில் பிள்ளை அழும்போது நடைவழியில் ஓட வேண்டும். தளப் படத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே இணைப்புக் குறி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மாறாக, இணைப்பு தேவையில்லாத குடும்பம் அந்த அறையை எடுக்கவே கூடாது. அந்தக் கதவு வழியாகப் பக்கத்து அறைக்காரர் இருமுவதும் கேட்கும்.

அம்மாவின் முழங்காலுக்காக லிஃப்டிலிருந்து நான்கைந்து அறை தள்ளி எடுங்கள். லிஃப்டுக்கு நேரே வேண்டாம், பேச்சுச் சத்தம் இருக்கும். கோடியிலும் வேண்டாம், பெரிய கப்பலில் நடைவழி என்பது ஒரு தெருவைவிட நீளம்.

குமுளி ஏலக்காய்

கொச்சியா சிங்கப்பூரா என்பதைத் தள்ளிவைத்துவிட்டு அறையைப் பேச முடியாது. கப்பலின் வயதைப் பொறுத்து அறை மாறும்.

இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஓடும் கார்டீலியா கம்பெனியின் எம்ப்ரஸ், 1990இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 211 மீட்டர் நீளம், 48,500 டன் சொச்சம். அந்தக் காலத்தில் பால்கனி என்பது பணக்காரர் சமாச்சாரம். ஆகையால் அதில் உள்ளறைகளும் ஜன்னல் அறைகளும்தான் அதிகம், பால்கனி குறைவு. உங்கள் ஏஜென்ட் கொச்சிக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே மாதிரி "பால்கனி" என்று சொல்வதில் அர்த்தமில்லை. சிங்கப்பூரிலிருந்து ஓடும் கென்டிங் ட்ரீம் 2016இல் கட்டியது, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல், பெரும்பாலான அறைகளுக்குப் பால்கனி உண்டு. 2019இல் வந்த ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் கப்பலில் உள்ளறைச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஒரு திரை வைத்து வெளியே உள்ள கடலை அப்படியே காட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது போதும், பெற்றோருக்கும் பயமில்லை. டீச்சரும் நகரி அக்காவும் கைகுலுக்கிக்கொள்ளலாம்.

குளியலறையைப் பற்றிப் பேசினோம் அல்லவா? டிஸ்னியின் மேஜிக், வொண்டர், ட்ரீம், ஃபேண்டசி கப்பல்களில் பெரும்பாலான அறைகளில் அதை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றில் கழிப்பறை, மற்றொன்றில் குளியல் தொட்டி, இரண்டிலும் கைகழுவும் தொட்டி. குடும்பத்தை மனத்தில் வைத்துக் கட்டிய அறை என்றால் அதுதான். எல்லாக் கம்பெனியும் ஏன் இப்படிக் கட்டுவதில்லை என்று எனக்கு இன்றுவரை கோபம்.

தள்ளுவண்டி எடுத்துப் போவதானால் மடக்கினால் குடை அளவுக்குச் சுருங்குவதாக இருக்கட்டும். சாதாரண அறைக் கதவின் அகலம் இரண்டு அடிக்கும் குறைவு. நடைவழியில் நிறுத்தி வைக்கவும் விடமாட்டார்கள்.

இன்னொன்று. குழந்தைகள் மன்றத்தில் பகலெல்லாம் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டு அறையைச் சிறிதாக எடுக்காதீர்கள். பெரும்பாலான கம்பெனிகளில் மூன்று வயது முடிந்து, டயப்பர் இல்லாமல் இருக்கும் பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். உங்கள் மகள் போகலாம், மகன் உங்களோடுதான் இருப்பான். டயப்பர் போட்ட பிள்ளையைப் பொது நீச்சல்குளத்திலும் இறக்க விடமாட்டார்கள், நீச்சல் டயப்பராக இருந்தாலும். சில கப்பல்களில் கைக்குழந்தைகளுக்கென்று தனியாக நீர் விளையாட்டு இடம் உண்டு. அது இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அவன் உலகம் அந்த அறைதான்.

ஆரியங்காவு அண்ணாச்சி

மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பதைச் சொல்லிவிடுங்கள். ஓர் அறையில் முதல் இருவருக்குத்தான் முழு விலை. ஐந்து பேரை இரண்டும் மூன்றுமாகப் பிரித்தால் நான்கு பேருக்கு முழு விலை ஆகிறது. அம்மா தனியாக ஓர் அறை எடுத்தால் வராத ஆளுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட இருவர் கட்டணம் கேட்பார்கள். பணியாளர் அன்பளிப்பு என்று தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று தனியாகச் சேரும். பல கம்பெனிகளில் கைக்குழந்தைக்கும் உண்டு. ஏஜென்டிடம் கடைசித் தொகையை எழுதி வாங்குங்கள்.

கொழிஞ்சாம்பாறை அப்பா

அண்ணாச்சி, அம்மா தனி அறை என்பதற்கு இரண்டு கட்டணமா? முதல் வழியில் ஏஜென்ட் அதைச் சொல்லவே இல்லை. இப்போதுதான் அந்த வாஷிங் மெஷின் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது.

அம்மாவின் கேள்வி ஒன்று: பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச மின்கெண்டி எடுத்துப் போகலாமா?

சித்தூர் எலக்ட்ரீஷியன்

கூடாது. மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி, குக்கர், சூடேற்றும் கம்பி எதுவும் கூடாது. ஏறும் இடத்திலேயே எக்ஸ்ரேயில் பார்த்து எடுத்து வைத்துவிடுவார்கள், இறங்கும்போதுதான் கிடைக்கும். மின்னழுத்தத் தடுப்பு வைத்த நீட்டிப்புப் பலகையும் அப்படித்தான். கப்பலின் மின் அமைப்பு வீட்டைப்போல் இல்லை, அந்தத் தடுப்பே தீப்பிடிக்கக் காரணமாகலாம். கடலில் தீயைவிடப் பெரிய பயம் கிடையாது. சுவரில் அமெரிக்க, ஐரோப்பிய வகைத் துளைகள்தான் பெரும்பாலும் இருக்கும். அடாப்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை நர்ஸ்

கஞ்சிக்கு வழி இருக்கிறது. வறுத்துப் பொடித்த மாவை எடுத்துப் போய், பஃபேயில் சுடுநீர் வாங்கி ஒரு நல்ல பிளாஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் சத்துமாவைச் சும்மா சுடுநீரில் கரைத்தால் வேகாது. வீட்டிலேயே நன்றாக வறுத்து, அவல் சேர்த்து அரைத்தால் ஊறிவிடும். வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறங்கும்போது அதைக் கரைக்கு எடுத்துப் போகாதீர்கள், அறையிலேயே இருக்கட்டும். அறையில் குட்டி ஃப்ரிட்ஜ் இருந்தாலும் பாலை நம்பி வைக்காதீர்கள். பலவற்றில் குளிர்ச்சி குறைவு. பானம் வைக்கத்தான் அது.

ஒரு மக்கும், காற்றடித்தால் விரியும் சிறு தொட்டியும் கொண்டுபோனால் பிள்ளையை ஷவருக்கு அடியில் அழவைக்க வேண்டாம்.

களியக்காவிளை டீச்சர்

ஏறும் நாளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அறை தயாராக மதியம் தாண்டிவிடும். பெட்டிகள் சாயங்காலம்தான் அறை வாசலுக்கு வரும். டயப்பர், மாற்றுடை, பால் பாட்டில், மருந்து எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். அதற்கு நடுவில் பாதுகாப்புப் பயிற்சி. 2012இல் இத்தாலிக்கு அருகே கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்த பிறகு விதியை இறுக்கிவிட்டார்கள்: கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ எல்லாப் பயணிகளுக்கும் பயிற்சி நடந்தாக வேண்டும். பிள்ளை தூங்குகிறான் என்றெல்லாம் விலக்குக் கிடையாது. அறைக்குள் போனதும் முதல் வேலையாகக் குழந்தை அளவு உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தொட்டில் கட்டிலும் அப்படித்தான்: பதிவு செய்யும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள், கப்பலில் கொஞ்சம்தான் வைத்திருப்பார்கள்.

நகரி அத்தை

கொச்சியில் ஏறுவதானால் பால்கனிக்காரர்கள் எந்தப் பக்கம் எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். (நான் இன்னும் தோற்கவில்லை, டீச்சர்.)

தூத்தூர் ஸ்டூவர்ட்

அம்மா, கொச்சி பயண முனையம் வில்லிங்டன் தீவில் இருக்கிறது. புறப்பட்டு மேற்கே கடலுக்குப் போகும்போது இடப்பக்கம் ஃபோர்ட் கொச்சி, சீன வலைகள், வலப்பக்கம் வைப்பின். அந்த அரைமணி நேரம் இடப்பக்கம் நல்லது. பிறகு மும்பை நோக்கி வடக்கே போனால் இடப்பக்கம் மேற்கு. மதிய வெயில் முழுதும் அந்தக் கண்ணாடியில்தான் அடிக்கும். பிள்ளை தூங்கும் நேரம் அதுதானே? திரைச்சீலை கனமாக இருந்தாலும் ஓரத்தில் வெளிச்சம் வரும். சீன வலையை மேல் தளத்தில் நின்று எல்லாரும் பார்க்கலாம். அறையை வலப்பக்கம் எடுங்கள்.

மாதமும் முக்கியம். ஏப்ரலில் அரபிக்கடல் பெரும்பாலும் அமைதி. ஜூன் தொடங்கிவிட்டால் தென்மேற்குப் பருவக்காற்று. எங்கள் ஊர் வள்ளங்கள் கரையில் கிடக்கும் காலம் அது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் வரலாம். ஏப்ரல் பயணத்துக்கு நடுப்பகுதியில் மேல் தளம்கூடத் தாங்கும். ஏஜென்ட் விலை குறைவு என்று ஜூனுக்குத் தள்ளப் பார்த்தால் நான் மேலே சொன்ன கீழ்த்தளக் கணக்கை விடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை அப்பா

வீட்டில் பேசினோம். சிங்கப்பூர் என்றால் எல்லாருக்கும் பாஸ்போர்ட், விசா. மகனுக்கு இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை. அதனால் முதலில் கொச்சி. நடுப்பகுதியில், மேலும் கீழும் அறைகள் உள்ள தளத்தில், இணைப்புக் கதவுள்ள இரண்டு அறைகள் கேட்டிருக்கிறேன். அம்மாவும் மகளும் ஒன்றில், நாங்களும் மகனும் மற்றொன்றில். இணைப்பு இல்லை, எதிரெதிர் அறைகள்தான் இருக்கின்றன என்று ஏஜென்ட் சொன்னால் எடுக்கலாமா?

தூத்தூர் ஸ்டூவர்ட்

எதிரெதிர் என்றால் எடுக்கலாம். பகலில் இரண்டு பேர் நடைவழியில் நின்று பேசிக்கொள்ளும் தூரம்தான். இரவில் மட்டும் அம்மா அறையின் சாவி அட்டை ஒன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். மகள் தூக்கத்தில் எழுந்து கதவைத் திறக்கும் பழக்கம் உள்ளவள் என்றால் அம்மாவோடு வேண்டாம், உங்களோடு படுக்கட்டும்.

ஆரியங்காவு அண்ணாச்சி

எதிரெதிர் என்றால் விலை குறைத்துக் கேளுங்கள்.

கம்பம் புதுமாப்பிள்ளை

இழையின் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மனைவிக்கு இப்போது நான்காம் மாதம். இரண்டு மாதம் கழித்துப் போகலாமா? அடுத்த ஆண்டு கைக்குழந்தையோடு போவதற்கு இப்போதே போய்விடலாம் என்கிறாள்.

செங்கோட்டை நர்ஸ்

தம்பி, பெரும்பாலான கம்பெனிகள் பயணம் முடியும் நாளில் கர்ப்பம் 24ஆம் வாரத்தைத் தொட்டிருக்கக் கூடாது என்கின்றன. இரண்டு மாதம் கழித்து என்றால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். தாண்டினால் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்புவார்கள். போவதானால் இந்த மாதமே, மகப்பேறு மருத்துவர் சரி என்று எழுதிக் கொடுத்தால் மட்டும். பிறந்த பிறகு என்றால் குழந்தைக்கு ஆறு மாதம் முடிய வேண்டும். நடுவில் நிறுத்தமில்லாமல் பல நாள் கடலிலேயே ஓடும் நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது கேட்பார்கள்.

கம்பம் புதுமாப்பிள்ளை

நன்றி அக்கா. இந்த மாதமே போவதானால் எந்த அறை?

செங்கோட்டை நர்ஸ்

குளியலறை எல்லா அறையிலும் பக்கத்திலேயே இருக்கும். நடுப்பகுதி, கீழ்த் தளம், மேல்படுக்கை இல்லாதது. மீதியை ஸ்டூவர்ட் அண்ணனிடம் கேளுங்கள், எனக்கு இரவுப் பணிக்கு நேரமாகிவிட்டது.